சின்ன ரிப்பேர், பெரிய ரிப்பேர்

அந்தத் தெருவில் அவருக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பாள்; ‘ஏங்க’ என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது. ஒரு பெரிய தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்து, ஸ்டோர்கீப்பராகவே ஓய்வு பெற்றவர். வேலையை அவர் விட்டுவிட்டார், சரி. வேலை அவரை விட்டால்தானே!

கிடங்கில் அவர் வைத்ததுதான் சட்டம். பழசைக் காட்டினால்தான் புதுசு. கையுறை கிழிந்துபோயிற்று என்று ஒரு தொழிலாளி வந்தால், கிழிந்ததை மேஜைமேல் வைக்க வேண்டும். ஸ்டோர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “இன்னும் ரெண்டு விரல் நல்லாத்தானே இருக்கு?” என்பார். வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவார். அங்கே எந்தச் சாமானும் வெறுமனே கிடந்ததில்லை. மோட்டார், பம்பு, சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் தார்ப்பாயில் உறை தைத்துப் போட்டிருந்தார். தூசி படாத பொருள் கெடாது, கெடாத பொருளுக்குப் பதில் இன்னொன்று கொடுக்க வேண்டியதில்லை. இதற்குமேல் அவருக்கு வேறு தத்துவம் கிடையாது. அதிகாரிகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வேலை செய்கிறவர்களில் ஒருவருக்கும் பிடிக்காது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீடு கட்டினார். கீழே அவரும் மனைவியும், மாடியில் குடித்தனம், அதற்கும் மேலே மொட்டைமாடி. ஏசி இருக்கிற வீடு என்றால் நல்ல குடித்தனம் வரும் என்று தரகர் சொன்னதைக் கேட்டு, மனசே இல்லாமல் மாடியின் படுக்கை அறைக்கு ஒரு ஏசி வாங்கி மாட்டினார். ஒப்பந்தத்தில் அதற்காகத் தன் மூளையால் ஒரு வரி சேர்த்தார்: சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு, பெரிய ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு. எழுதி முடித்ததும் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எது சின்னது, எது பெரியது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் அந்த வரியின் அழகு என்று அவர் நினைத்தார்.

அந்த வீட்டுக்குத்தான் கிரேன்காரனும் அவன் மனைவியும் குடிவந்தார்கள். அவன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் கிரேனை ஓட்டுகிறவன். அதுவும் ராத்திரி வேலை. தென்னை உயரத்துக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு அறை அளவு இருக்கிற இரும்புப் பெட்டியைக் கம்பியில் தூக்கி, கீழே நிற்கிற லாரியின் முதுகில் பிசகாமல் இறக்க வேண்டும். லாரி டிரைவர்கள் அதன் கீழேதான் நடமாடுவார்கள். விடிந்தபின் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், படுப்பான். அவன் மனைவிக்குச் சாயங்காலம் ஒரு மருந்துக்கடையில் வேலை. அதுவரை அவளுக்கு ஒரே வேலைதான்: அவன் தூக்கத்தைக் காவல் காப்பது. அழைப்புமணியைத் துணியால் சுற்றி வைத்திருந்தாள். தெருவில் கூவி விற்கிறவர்களை ஜன்னலில் நின்று கையாலேயே விரட்டுவாள். நாய்கூட அந்த ஜன்னலுக்குக் கீழே வந்தால் குரைப்பை ஒத்திப்போடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

கோடை தொடங்கிய ஒரு காலையில் ஸ்டோர் மொட்டைமாடிக்கு ஏறினார். அதன் சாவி அவர் இடுப்பில் மட்டும்தான் இருக்கும். குடித்தனக்காரர்களை மேலே விட்டால் கொடி கட்டுவார்கள், கொடி கட்ட ஆணி அடிப்பார்கள் என்பது அவர் பயம். மேலே ஏசியின் வெளிப்பெட்டி கொளுத்துகிற வெயிலில் நின்றது. தலையெல்லாம் காக்கை எச்சம். அவருக்கு வயிறு எரிந்தது. காசு போட்டு வாங்கிய சாமான் அநாதையாக நிற்கிறதே என்று அன்றைக்கே கெட்டித் தார்ப்பாய் வாங்கி, மனைவியின் தையல் மெஷினில் தானே உட்கார்ந்து, நாலு பக்கமும் தலையும் மூடுகிற மாதிரி ஒரு உறை தைத்தார். அடியில் கயிறு கோத்து இறுக்கிக் கட்டினார்.

நூல் கோத்துக் கொடுத்த மனைவி கேட்டாள்: “ஏங்க, இப்படி மூடினா அதுக்கு மூச்சு முட்டாதா?”

“அது என்ன ஆடா மாடா, மூச்சு விட? வெயில் படாம நெழல்ல இருந்தா இன்னும் ஜில்லுன்னு இருக்கும். உனக்கென்ன தெரியும்?”

மாடிக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மெஷின் அவருடையது, தார்ப்பாய் அவருடையது, மாடி அவருடையது.

இரண்டு மூன்று நாளில் மாடிக்காரி கீழே இறங்கி வந்தாள்.

“சார், ஏசி ஓடல.”

“சத்தம் கேக்குதேம்மா.”

“சத்தம்தான் சார் கேக்குது. போட்டா கொஞ்ச நேரம் ஜில்லுன்னு வருது. அப்புறம் வெறும் காத்து. ரூமே அடுப்பு மாதிரி கொதிக்குது.”

“ஃபில்டர் கழுவுறீங்களா?”

“வாரா வாரம் கழுவுறேன்.”

“வாரா வாரமா? அப்படிக் கழுவினா தேஞ்சு போகாது?”

அவள் ஒரு கணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்திருப்பாள். அவர் கேலி செய்யவில்லை.

“இந்தா பாரும்மா, பகல் பூரா ஓட்டுறீங்க. ஏசிங்கறது மனுஷன் ராத்திரி தூங்கறதுக்கு. அதுக்கு மேல ஓட்டினா மெஷின் என்ன பண்ணும்?”

“எங்க வீட்டுக்காரருக்குப் பகல்தான் சார் ராத்திரி. அவர் தூங்கலன்னா கீழ நிக்கிறவன் தலைமேல பெட்டியை இறக்கிடுவார். அப்புறம் ஐயோன்னாலும் வராது, அம்மான்னாலும் வராது.”

“அதுக்கு நான் ஜவாப்தாரியா? நான் வீடு கொடுத்திருக்கேன். தூக்கம் கொடுக்கறேன்னு எங்கயும் எழுதலையே.”

மறுநாள் அவள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அவன் உள்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே ஒரு குறையும் இல்லை, வெளிப்பெட்டியைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றான். அவள் மொட்டைமாடிச் சாவி கேட்டாள். ஸ்டோர் இடுப்பில் கை வைத்துச் சாவியைப் பொத்திக்கொண்டார்.

“உங்க ஆளு உங்க பக்கம்தான் பேசுவான். சின்னதைப் பெரிசுன்னு சொல்லி என் தலையில கட்டிடுவான். என் மெஷின்மேல வெளியாள் கை வைக்கக் கூடாது.”

“அப்ப உங்க ஆளைக் கூப்பிடுங்க.”

“கூப்பிடறேன். சின்ன ரிப்பேரா இருந்தா அவன் கூலி உங்க பொறுப்புன்னு இப்பவே ஒத்துக்குங்க.”

“தெறந்து பாக்காம எப்படி சார் ஒத்துக்கறது?”

“ஒத்துக்காம எப்படிம்மா தெறக்கறது?”

மெக்கானிக் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து தன்னைத் திட்டுவார்கள் என்று புரிந்துகொண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

“அந்த மெஷினை நான் கண்ணு மாதிரி பாத்துக்கறேன், தெரியுமா?” என்று ஸ்டோர் படியேறுகிறவளின் முதுகைப் பார்த்துக் கத்தினார். அது நூற்றுக்கு நூறு உண்மை.

அதன்பின் ஒரே வீட்டில் இரண்டு பகை நாடுகள். எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டோரின் வீட்டம்மாள் மட்டும் இடையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஸ்டோர் வேண்டுமென்றே மத்தியான வேளையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். அது படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் கீழே உறுமும். “தண்ணி ஏத்தக்கூட உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” என்று யாரும் கேட்காத கேள்விக்கு மேலே பார்த்துப் பதில் சொன்னார். அந்த வயதில் அவ்வளவு சின்னப் புத்தி எங்கிருந்துதான் வந்ததோ.

மேலே கிரேன்காரன் தூக்கத்தைத் தேடி வீடெல்லாம் அலைந்தான். ஈரத்துண்டைப் போர்த்திப் படுத்தான். குளியலறைத் தரையில் படுத்தான். சமையலறை மேடைக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தான். வெறும் கான்கிரீட் கூரை. உச்சிவெயில் முழுக்க அதன்மேல். மின்விசிறி சூட்டையே வாரி இறைத்தது. வேலை முடிந்து வருகையில் கண்கள் மிளகாய்ப்பழமாக இருந்தன. சாயங்காலம் கிளம்பும்போதும் அப்படியேதான் இருந்தன. மாடிக்காரி வேறு வழியில்லாமல் மத்தியானம் ஆனால் படுக்கை அறைத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிவைக்கத் தொடங்கினாள்.

சில நாளில் ஸ்டோர் வீட்டுக் கூரையில், அவர் நாற்காலிக்கு நேர் மேலே, ஈரம் கோத்து ஒரு கறை படர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் படியேறி, துணி சுற்றின மணியை அழுத்தி அழுத்திப் பார்த்து, கடைசியில் கதவைப் படபடவென்று தட்டினார்.

“வீடா இது, குளமா? என் கூரை ஊறிப்போச்சு! நாசம் பண்றதுக்குன்னே குடி வந்தீங்களா?”

கதவைத் திறந்தவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் உள்ளே படுத்திருப்பவன் விழிப்பானே. பல்லைக் கடித்துக்கொண்டு, கீழ்க்குரலில், ஒவ்வொரு சொல்லையும் அவர் முகத்தில் வீசினாள்.

“தண்ணி ஊத்தாம இருக்கணுமா? சரி. ஒரே ஒரு மத்தியானம் நீங்க இந்த ரூம்ல படுங்க. படுத்துட்டு வெளிய வந்து, இங்க ஒரு மனுஷன் தூங்கலாம்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். ஏசி பேச்சையும் எடுக்க மாட்டேன்.”

“நீ என்னம்மா எனக்குப் பரீட்சை வைக்கிறியா?”

“பயமா இருந்தா வேணாம் சார்.”

அந்த ஒரு சொல் போதும். தகரக் கூரைக் கிடங்கில் முப்பது கோடை பார்த்தவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்டோர் உள்ளே நுழைந்தார். உள்ளே கிரேன்காரன் விழித்துத்தான் இருந்தான். எழுந்து, தன் தலையணையைத் தட்டி வைத்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். மாடிக்காரி தரையைத் துடைத்தாள். புதுசாக ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை விரித்தாள். ஏசியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஜில்லென்று ஒரு காற்று காலில் பட்டது. பார்த்தாயா, நன்றாக ஓடுகிற மெஷினைப் பழி சொல்கிறார்களே என்று நினைத்தார். கண் சொக்கும் நேரத்தில் அந்தக் குளிர் நின்றது. வெறும் காற்று வந்தது, பிறகு வெதுவெதுப்பு, பிறகு கூரை இறங்கி நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டது. பனியன் உடம்போடு ஒட்டியது. புரண்டு படுத்தார், புரண்ட பக்கமும் கொதித்தது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிடங்கில் கதவு இருந்தது, காற்று இருந்தது, வேண்டும்போது வெளியே போகலாம். இங்கே ஒருவன் படுத்துத் தூங்கியாக வேண்டும் என்று அவருக்கு அப்போது புரிந்தது. நன்றாகவே புரிந்தது. எழுந்திருக்கவும் வீம்பு விடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காது அடைக்கிறவரை கிடந்தார். பின்பு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தார்.

வாசலில் புருஷனும் மனைவியும் நின்றார்கள். அவன் கண்களில் கோபம்கூட இல்லை. இந்த ஆள் இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார், இன்றைக்கோ நாளைக்கோ தூங்கிவிடலாம் என்கிற ஆசைதான் இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஸ்டோர். “அசந்து தூங்கிட்டேன்.”

மாடிக்காரி உள்ளே போனாள். படுக்கைவிரிப்பை உருவிக்கொண்டு வந்து அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள். தலை, தோள், முதுகு, கால் என்று ஒரு முழு ஆள் அதில் ஈரமாக இருந்தான்.

“இது யாரு சார்?”

“எனக்கு வேர்வை ஒடம்பு,” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்கினார்.  வீட்டுக்குள் வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். என்ன ஆச்சு என்று கேட்ட மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

மேலே தண்ணீர் ஊற்றுவது நின்றது. மாடிக்காரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவரும் தன் பங்குக்கு மத்தியானத்தில் மோட்டார் போடுவதை நிறுத்தினார். அதையே ஒரு பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் அது நடந்தது. கிரேன்காரன் கூண்டில் கண்ணைத் திறந்துகொண்டே உறங்கியிருக்கிறான். பெட்டி லாரியின் முதுகில் இறங்குவதற்குப் பதிலாக டிரைவர் உட்காரும் முன்கூண்டின்மேல் இறங்கியது. கூண்டு அப்பளமாக நொறுங்கியது. லாரி டிரைவர் அப்போதுதான் கீழே இறங்கி, ஓரமாக நின்று மூக்குச் சிந்திக்கொண்டிருந்தாராம். ஜலதோஷம் அந்த மனுஷன் உயிரைக் காப்பாற்றியது.

வீட்டம்மாள்தான் மாடிக்குப் போய்க் கேட்டுவந்து சொன்னாள்.

“இனிமே கிரேன் பக்கமே விட மாட்டாங்களாம். இறக்கிட்டாங்க. துறைமுக வாசல்ல நின்னு வண்டிக்குக் கொடி காட்டற வேலையாம். பகல் வேலை. சம்பளம் பாதிகூட வராதாம். இந்த வீடு இனிமே கட்டுப்படி ஆகாதாம்.”

“வேலையில கவனம் வேணும்,” என்றார் ஸ்டோர். சொல்லும்போது கூரையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் காலி செய்த நாளில் ஸ்டோர் சாமான் சரிபார்க்க மேலே போனார். பழக்கம். குழாய்களைத் திருகிப் பார்த்தார், கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், சுவரில் ஆணி ஓட்டை தேடினார். ஒரு ஓட்டைகூட இல்லை என்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஏசியின் ரிமோட்டை எடுத்து அழுத்தினார். உயிர் இல்லை. பின்மூடியைத் திறந்தார்.

“பேட்டரி இல்லையே?”

“அது நாங்க வாங்கிப் போட்டது,” என்றாள் மாடிக்காரி. தன் கைப்பைக்குள்ளிருந்து இரண்டு பேட்டரிகளையும் எடுத்துக் காட்டினாள். “நீங்க கொடுக்கும்போது செத்த பேட்டரிதான் இருந்துச்சு. பழசு எங்கன்னு கேப்பீங்களே? இந்தாங்க.” பழசையும் எடுத்து வைத்திருந்தாள், அவர் உள்ளங்கையில் போட்டாள்.

கிரேன்காரன் கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தான். அத்தனை காலமும் அவரிடம் அவன் நாலு வார்த்தை பேசியதில்லை. பேசுகிற நேரமெல்லாம் தூங்க முயன்று கழிந்துவிட்டது. படியருகே நின்றான்.

“அன்னைக்கு நீங்க தூங்கலதானே சார்?”

ஸ்டோர் ரிமோட்டின் மூடியை மாட்டிக்கொண்டிருந்தார். அது எளிதில் மாட்டுகிற மூடிதான். அன்றைக்கு மாட்டவே இல்லை. நிமிர்ந்தபோது அவன் பாதிப் படி இறங்கியிருந்தான்.

புதுக் குடித்தனம் பார்க்க வந்தவர்கள் ஏசி ஓடினால்தான் முன்பணம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோர் தன் மெக்கானிக்கை வரவழைத்தார். கிடங்குக் காலத்திலிருந்து பழக்கமானவர். வாயில் வந்ததைப் பேசுகிறவர். உள்பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாங்க மேலே என்று படியேறினார். ஸ்டோர் பூட்டைத் திறந்தார்.

மெக்கானிக் வெளிப்பெட்டியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

“யாருங்க இதுக்குச் சட்டை போட்டு விட்டது? பொத்தான் வேற இல்ல!”

“தூசி படாம இருக்கட்டும்னு…”

“தூசி படும், மழைகூடப் படும். அதுக்குத்தானே இதை வெளிய நிக்கவெச்சிருக்கு? ரூம்ல இருக்கற சூட்டை வாங்கி இது வெளிய தள்ளணும். இப்படிக் கட்டிப்போட்டா எங்க தள்ளும்? சூடு தாங்காம தன்னால நின்னுடும். ஆறினா ஓடும், மறுபடி நிக்கும்.”

முடிச்சு அவிழவில்லை. ஸ்டோர் கட்டிய முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. மெக்கானிக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து, உறையைக் கிழித்து உருவி, அவர் கையில் கொடுத்தார். பெட்டி பளபளவென்று இருந்தது. எச்சம் இல்லை, தூசி இல்லை.

“ரிப்பேர் ஒண்ணும் இல்ல. ஓட்டுங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஸ்டோர் மாடி அறைக்கு வந்து புதுப் பேட்டரி போட்டு ஏசியைத் தட்டினார். காலியான அறை. ஜில்லென்று காற்று வந்தது. நிற்கட்டும், நின்றுவிடும் என்று அவர் காத்திருந்தார். நிற்கவேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொண்டார். நிற்கவில்லை. உச்சி வேளையில் அந்த அறை குளிர்ந்துகொண்டே போயிற்று. கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கை ரோமம் சிலிர்த்தது. அங்கே ஒரு ஆள் சுகமாகப் படுத்துச் சாயங்காலம்வரை தூங்கியிருக்கலாம்.

மெக்கானிக் போவதைப் பார்த்துவிட்டு மனைவி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். வாசலிலேயே நின்று கேட்டாள்.

“என்னங்க சொன்னாரு? சின்ன ரிப்பேரா, பெரிய ரிப்பேரா?”

அவர் மடியில் கிடந்த தார்ப்பாயைச் சுருட்டித் தொடைக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார். முரட்டுத் துணி, அடங்காமல் விரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். தான் கோத்துக் கொடுத்த நூலைப் பார்த்தாள். பிறகு, நன்றாகக் குளிர்கிற அந்த அறைக்குள் வந்து, கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு, அவருக்கு எதிரே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சின்னதா, பெரிசா?”